டேவிட் கோபுரம்: நின்றுபோன கட்டடமும் நிற்காத குடித்தனமும்

பாதியில் கைவிடப்பட்ட கட்டடம் ஒளிப்படக்காரருக்கு எளிதாக வசப்படும். துருத்தி நிற்கும் கம்பி, பூசாத தூண், ஆளில்லாத தளம் ஆகியவை தம்மளவிலேயே காட்சியாகிவிடுகின்றன. பாழை அழகாக்கும் அத்தகைய படங்கள் ஏராளம். ஆனால் வீடு தேடி அலைகிறவர்களைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. கட்டியவர் விட்டுப்போன குறையைக் குடியேறியவர்கள் எந்த உழைப்பால் நிரப்பினார்கள் என்று காட்டும் படங்களே இத்துறையில் மதிப்புள்ளவை என்பது என் முடிவு.

வெனிசுவேலாவின் கராகஸ் நகரிலுள்ள டேவிட் கோபுரம் இதற்குத் தெளிவான சான்று. 1990இல் வங்கி வளாகமாக எழத் தொடங்கிய 45 மாடிக் கட்டடம் அது. 1993இல் அதன் முதலீட்டாளர் டேவிட் பிரில்லம்போர்க் இறந்தார், மறு ஆண்டு வங்கிகள் சரிந்தன, வேலை நின்றது. வீடற்ற குடும்பங்கள் 2007இல் உள்ளே நுழைந்தன. 28ஆம் மாடி வரை குடித்தனம் பரவியது. லிப்ட் இருக்கவில்லை. பக்கத்து வாகன நிறுத்தக் கட்டடத்தின் சரிவுப் பாதையில் பத்தாம் மாடி வரை மோட்டார் சைக்கிள் போனது, அதற்குமேல் படிதான் இருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒளிப்படக்காரர் இவான் பான் இங்கே எடுத்த படங்களில் தனித்தனி இல்லங்கள் தெரிகின்றன: அவரவர் வசதிக்கேற்ப எழுப்பிய செங்கல் தடுப்புகள், திரைச்சீலைகள், காற்று வருவதற்காகச் சுவரில் இடித்த துளைகள். ஒரு படத்தில் உடற்பயிற்சிக் கூடமும் உண்டு. பொருத்தப்படாமலே போன லிப்ட்டுகளின் கப்பிகள்தான் அங்கே எடைக்கட்டிகள். அந்த ஒரு படத்தில் நிதி நெருக்கடி, கைவிடல், மீட்டெடுப்பு மூன்றும் சேர்ந்து இருக்கின்றன. விளக்கக் குறிப்பு எதுவும் அதற்குத் தேவையில்லை.

ஜோகன்னஸ்பர்க்கின் 54 மாடி போண்டே கட்டடத்தில் மிக்கேல் சுபோட்ஸ்கியும் பாட்ரிக் வாட்டர்ஹவுஸும் 2008 முதல் செய்த பணியும் இதே வழியில் நடந்தது. புதுப்பிப்பு என்ற பெயரில் பலரை வெளியேற்றிய திட்டம் முறிந்துபோயிருந்த நேரம். அவர்கள் ஒவ்வொரு கதவையும், ஒவ்வொரு சன்னலையும், ஒவ்வொரு தொலைக்காட்சித் திரையையும் படமெடுத்து மாடிவாரியாக அடுக்கினார்கள். வெளியே இருந்து ஒரே உருளையாகத் தெரிந்த கட்டடம், அந்த அடுக்கில் எண்ணற்ற வீடுகளாகப் பிரிந்தது.

இந்தப் படங்கள் வறுமையை அழகாக்குகின்றன என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. டேவிட் கோபுரத்தின் பல மாடி விளிம்புகளில் கைப்பிடிச் சுவர் இருக்கவில்லை. விழுந்து இறந்தவர்கள் உண்டு. அதைக் காட்டாமல் நிறம் பூசிய அறைகளை மட்டும் காட்டினால் அது பொய். ஆனால் அவலத்தை மட்டும் காட்டுவதிலும் ஆபத்து உண்டு. நியூயார்க்கின் நெரிசல் குடியிருப்புகளை ஜேக்கப் ரீஸ் 1890இல் வெளியிட்ட நூலில் காட்டினார். இரவில் நுழைந்து, வெடியொளி பாய்ச்சி, திகைத்த முகங்களைப் பதிவு செய்த படங்கள் அதில் இருந்தன. சீர்திருத்தத்துக்கு அவை உதவின என்பது உண்மை. என்றாலும் அவர் சாடிய மல்பெரி வளைவுக் குடியிருப்புப் பகுதி இடிக்கப்பட்டு 1897இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குடியிருப்பைச் சீர்கேடாக மட்டும் காட்டும் படம் இடிப்பவருக்கும் சான்றாகிவிடும். கட்டும் திறனைக் காட்டும் படமோ அங்குள்ளவர்களைக் கலந்து பேச வேண்டிய தரப்பாக நிறுத்துகிறது.

படம் யாரையும் காப்பாற்றவில்லையே என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. 2012இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் டேவிட் கோபுரக் காட்சிக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது. அதைப் பெற்றவர்கள் கட்டடக்கலைஞர்களும் எழுத்தாளர் ஒருவரும் இவான் பானும். 2014 ஜூலையில் அரசு குடும்பங்களை வெளியேற்றத் தொடங்கி, பலருக்கு நகருக்கு வெளியே கூவா என்ற ஊரில் வீடு கொடுத்தது. பூர்த்தியான சுவரும் கூரையும் கிடைத்தன. பிழைப்பு இருந்த நகரம் தொலைவானது. வெளியேற்றத்தைத் தடுக்கும் வலு ஒளிப்படத்துக்கு இல்லை. அதனாலேயே கோபுரத்தோடு அதன் வேலை முடிந்துவிடக் கூடாது. இந்தப் படங்களைத் தொகுப்பவர்களும் காட்சிக்கு வைப்பவர்களும் கூவாவின் வீடுகளையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.