மைக் பாசெட்டும் கிரகாம் டெய்லரும்

கால்பந்து மேனேஜரை வைத்து எடுத்த காமெடிகளில் எனக்குப் பிடித்தது 2001-இல் வந்த 'மைக் பாசெட்: இங்கிலாந்து மேனேஜர்'. ரிக்கி டாம்லின்சன் நடித்தது. இங்கிலாந்து மேனேஜருக்கு மாரடைப்பு வந்துவிட, அந்த நாற்காலிக்கு வேறு யாரும் வராததால் நார்விச் அணியின் பாசெட்டைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். சிகரெட் பெட்டியின் பின்னால் அணிப் பட்டியலை எழுதுகிறார். பெட்டியில் அச்சடித்திருந்த பென்சன், ஹெட்ஜஸ் என்ற பெயர்களையும் பட்டியலில் சேர்த்து, கீழ் டிவிஷனில் அந்தப் பெயர்களில் ஆடும் இருவரை நிஜமாகவே கூப்பிட்டுவிடுகிறார்கள்!

படம் ஒரு டிவி ஆவணப்படம் மாதிரியே எடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மூலம், 1994-இல் சேனல் 4-இல் வந்த கிரகாம் டெய்லர் பற்றிய ஆவணப்படம். 1994 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற முடியாமல் இங்கிலாந்து தடுமாறிய மாதங்களில் கேமரா டெய்லரின் பக்கத்திலேயே இருந்தது. அவர் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லும் உதவியாளர் ஃபில் நீல்தான் படத்தில் ஆமாம்சாமி டேவ் டாட்ஸ் ஆகிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. பாசெட் தோற்பதற்குக் காரணம் இருக்கிறது: மனுஷனுக்கு 4-4-2-வைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் டெய்லர் அப்படிப்பட்டவர் இல்லையே. நாலாவது டிவிஷனில் கிடந்த வாட்ஃபோர்டை முதல் டிவிஷனுக்கு ஏற்றி, 1983-இல் லீக்கில் இரண்டாம் இடம் வரைக்கும் கொண்டு வந்தவர். வேலை தெரிந்த ஆள்.

1993 அக்டோபர், ராட்டர்டாம். கோல் அடிக்கப் போன டேவிட் பிளாட்டை ரொனால்ட் கூமன் பிடித்து இழுக்கிறார். சிவப்பு அட்டை வந்திருக்க வேண்டும், மஞ்சளோடு போய்விடுகிறது. சில நிமிடங்களில் அதே கூமன் ஃப்ரீ கிக்கில் கோல் போடுகிறார். உங்க ஆளால் என் வேலை போகுது, அவருக்கு நன்றி சொல்லிடுங்க என்கிற தோரணையில் டெய்லர் கோட்டோரம் நின்ற அதிகாரியிடம் பேசுகிறார். எந்த காமெடி நடிகரும் இவ்வளவு நிதானமாக அதைச் சொல்லியிருக்க முடியாது. அணியைத் தேர்ந்தெடுத்த பிறகு மேனேஜர் என்பவர் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற ஆள், அவ்வளவுதான். அந்தக் கையாலாகாத்தனம் பாசெட் படத்தில் இல்லவே இல்லை. அங்கே எல்லாக் குளறுபடிக்கும் அவரே காரணம், அதனால் நமக்குச் சிரிப்பது சுலபம்.

பாசெட்டுக்கு சலுகை வேறு. பத்திரிகையாளர்கள் முன்னால் கிப்ளிங் கவிதையை ஒப்பித்துவிட்டு, டோங்கா என்ற ஆட்டக்காரர் கையால் தட்டிவிட்ட கோலில் அர்ஜென்டினாவைத் தோற்கடித்து, அரையிறுதி வரை போய்விடுகிறார். டெய்லருக்குக் கிடைத்தது? 1992 யூரோவில் ஸ்வீடனிடம் தோற்றதும், 'தி சன்' பத்திரிகை அவர் தலையை டர்னிப் கிழங்காக மாற்றி அச்சடித்தது. கடைசி மேட்சில் குட்டி நாடான சான் மரினோ ஒன்பது விநாடிக்குள் கோல் போட்டது. பின்னால் இங்கிலாந்து 7-1 என்று ஜெயித்தும் பிரயோஜனமில்லை. இந்த ஒன்பது விநாடியைத் திரைக்கதையில் வைத்திருந்தால், 'ரொம்ப ஓவர்' என்று நாமே சொல்லியிருப்போம்.

அந்த நவம்பரிலேயே டெய்லர் ராஜினாமா செய்தார். பிற்பாடு வாட்ஃபோர்டுக்கே திரும்பி, 1998, 1999 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து பதவி உயர்வு வாங்கி, அணியைப் பிரீமியர் லீக்கில் நிறுத்தினார்.