குதிரை இருக்கு, குழந்தை எங்கே? 1957-இன் மூன்று தபால்தலைகள்

ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு வாட்ஸாப் செய்தி தவறாமல் வரும். இந்தியாவில் 1964 வரைக்கும் குழந்தைகள் தினம் நவம்பர் 20-ல்தான் இருந்தது, நேரு இறந்த பிறகுதான் அவர் பிறந்த நாளான 14-க்கு மாறியது என்று. இதைச் சரிபார்க்க ஆவணக் காப்பகத்துக்கெல்லாம் போக வேண்டாம், ஒரு தபால்தலைப் பட்டியல் போதும். 1957 நவம்பர் 14 அன்றே தபால் துறை குழந்தைகள் தினத்துக்காக மூன்று தபால்தலைகள் வெளியிட்டிருக்கிறது. அப்போது நேரு பிரதமர். அவர் இறந்தது 1964 மே மாதம்.

தேதிச் சண்டையை இதோடு விட்டுவிடலாம். அந்த மூன்று தலைகளில் என்ன படம் இருக்கு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நயா பைசா வந்த வருஷம் அது. எங்க கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து ஒரு வருஷமும் சில நாட்களும்தான் ஆகியிருந்தது. 8 நயா பைசா தலையின் பொருள் உணவு: ஒரு குழந்தை வாழைப்பழம் தின்கிறது. 15 நயா பைசா, கல்வி: ஒரு சிறுமி பலகையில் எழுதுகிறாள். 90 நயா பைசா, விளையாட்டு: ஒரு பாங்குரா குதிரை.

மூன்றாவதில் குழந்தையே இல்லை. கவனிச்சீங்களா?

அந்தக் குதிரையும் அடிப்படையில் குழந்தைகளுக்கானது இல்லை. வங்காளத்தின் பாங்குரா பகுதிக் குயவர்கள் சுட்ட மண்ணில் செய்கிற குதிரை அது. கிராம தெய்வங்களுக்கு நேர்ந்து வைப்பதற்காகச் செய்தது. நம்ம ஊர்ப் பக்கம் அய்யனார் கோவிலில் மண் குதிரை வைப்பது போல. பிறகு நகரத்து வீடுகளில் அலங்காரப் பொருளாகப் போனது. நல்ல கலைப்பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் நிமிர்ந்த கழுத்தும் நீண்ட காதுமாக நிற்கும் அந்த மண் குதிரையை ஒரு பிள்ளை கையில் எடுத்தால், 'உடைச்சிராதே' என்றுதானே முதலில் சொல்வோம்?

ஒரு சின்னத் தாளில் இவ்வளவு படிக்கணுமா என்று கேட்கலாம். வடிவமைத்தவர் அழகுக்காகக் குதிரையைப் போட்டிருக்கலாம், சரி. ஆனால் அந்த மூன்று பொருளும் பிறகு போன வழியைப் பார்த்தால், இதைத் தற்செயல் என்று ஒதுக்க மனசு வரவில்லை.

உணவுக்குத் திட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு. கல்விக்கு 2009-ல் உரிமைச் சட்டமே வந்தது. குறை ஆயிரம் சொல்லலாம், ஆனாலும் இவை இரண்டும் அரசின் கடமை என்று இன்றைக்கு எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். சோறு போடாவிட்டால் கேள்வி வரும்.

விளையாட்டு? 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. நம்ம கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்று இருக்கு. எழுத்தில் குறையில்லை. ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால் யாரும் கேட்பதில்லை.

எங்க இனயம் பக்கம் பிள்ளைகளுக்கு மைதானம் என்றால் கடப்புறம்தான். கடலரிப்புக்காகக் கரை நெடுகக் கல் போட்டாச்சு. வீடுகளைக் காப்பாற்ற அது வேணும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கல் விழுந்த இடத்தில் பந்து விளையாட முடியாது. அந்த மணலை யாரும் விளையாட்டு மைதானமாகக் கணக்கில் வைத்ததே இல்லை. அதனால் போனதும் எந்தக் கணக்கிலும் வராது.

நவம்பர் 14 அன்று என்ன நடக்கிறது? மேடை போட்டு, ரோஜாப்பூ குத்தி, பல நாள் ஒத்திகை பார்த்த நடனத்தைப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதில் சந்தோஷப்படும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுத்தது, உடை தைத்தது, முன்வரிசையில் உட்கார்ந்தது எல்லாம் பெரியவர்கள். மண் குதிரையின் கதைதான். பெரியவர்களுக்குப் பிடித்த ஒன்றைக் காட்டி, இதுதான் குழந்தைகளின் விளையாட்டு என்கிறோம்.

தபால் துறையே ஒரு மாற்றைக் காட்டியிருக்கிறது. 1974 குழந்தைகள் தினத் தலையில் ஒரு பூனை. ஒரு குழந்தை வரைந்தது. அந்தத் தலையிலும் குழந்தையின் உருவம் இல்லை, ஆனால் கை குழந்தையுடையது. 1957-இன் விளையாட்டுத் தலையில் விட்டுப்போனது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடங்களுக்கு என்னுடைய கோரிக்கை சின்னது. இந்த வருஷம் அந்த ஒரு நாளில் கடைசி இரண்டு பீரியடை மேடையும் மைக்கும் இல்லாமல் விடுங்கள். என்ன விளையாடுவது என்று பிள்ளைகளே முடிவு பண்ணட்டும். டீச்சர்கள் ஓரமாக நின்று, யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.