கைமணம் என்ற சால்ஜாப்பு

நம் கதாசிரியர்களுக்குப் பாட்டியின் ரசம் மிகவும் பிடித்த விஷயம். கதையில் ஒரு பாட்டி வந்துவிட்டால், அடுத்த பக்கத்தில் ஈயச் சொம்பில் ரசம் கொதித்தாக வேண்டும். "அந்தக் கைமணம் யாருக்கு வரும்?" என்று பெருமூச்சு விட்டுவிட்டு ஆசிரியர் மேலே போய்விடுவார். அந்தப் பாட்டி பூண்டைத் தட்டிப் போட்டாளா, முழுசாகப் போட்டாளா என்று மட்டும் சொல்லமாட்டார். கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு?

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூலை நல்ல வசனத்துக்கு உதாரணமாகச் சொல்ல நான் தயங்குவதில்லை. இளம் வயதிலேயே கணவனை இழந்தவர் அவர். உறவினர்கள் ஓயாமல் சமையல் குறிப்புக் கேட்க, அதன் விளைவாக 1951-ல் முதல் பாகம் சென்னையில் வெளிவந்தது. கல்யாணமாகித் தூர தேசத்தில் குடித்தனம் வைத்த பெண்ணுக்குப் பக்கத்தில் பாட்டி கிடையாது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். தெரியாது என்று குத்திக் காட்டவும் கூடாது. இந்த மரியாதை நம் வசனத்தில் அபூர்வம். ஆழாக்குக் கணக்கு வழக்கொழிந்த பிறகும் அந்தப் புத்தகம் வழக்கொழியவில்லை.

ஆனால் எழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைப் பார்க்கப் பழனி மலை ஏறினால் போதும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்ஷியஸ் சுமாருக்கே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நினைத்தால், திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு லேசில் வேகாது. சமவெளியில் எழுதிய நிமிஷக் கணக்கு மலையில் பொய்யாகிவிடுகிறது. "விரலால் நசுக்கினால் மசிய வேண்டும்" என்று பாட்டி சொன்னதோ பெரியகுளத்திலும் மெய், பூம்பாறையிலும் மெய்.

இனி, மலைப் பூண்டு ரசத்தையே எடுத்துக்கொள்வோம். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் அந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகுக்கு எங்கும் போக வேண்டாம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. பூண்டைத் தட்டினால்தான் அதன் காரமும் நெடியும் பிறக்கின்றன. முழுப் பல்லாகக் கொதியில் போட்டால், நெடியை உண்டாக்கும் சத்து சூட்டில் அழிந்து, பூண்டு சாதுவாகிவிடும். மிளகின் வாசனையோ அதிகம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். ஆகவேதான் "நுரை கட்டியதும் இறக்கு" என்றாள் பாட்டி. தட்டு, நசுக்கு, அரை, மசி - இவை ஒரே வேலைக்கு நாலு பெயர் அல்ல, நாலு வேறு ருசிகள். அவளுடைய விஞ்ஞானம் முழுவதும் வினைச்சொற்களில் இருக்கிறது. கைமணம் என்று அதற்கு ஒரு மாயப் பெயர் வைத்தது, கற்றுக்கொள்ளச் சோம்பியவர்களின் சால்ஜாப்பு.

வினைச்சொல்லை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லை மட்டும் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. நம் மிளகுத் தண்ணீர் கப்பலேறி 'முல்லிகட்டானி' ஆயிற்று. 1845-ல் இங்கிலாந்தில் எலைஸா ஆக்டன் என்ற அம்மாள் வெளியிட்ட சமையல் நூலில் அது வெங்காயமும் மாமிசமும் மசாலாப் பொடியும் சேர்ந்து, மாவினால் கெட்டியாக்கப்பட்ட சூப்பாக நிற்கிறது. அதே 1845-ல்தான் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மலைவாசஸ்தலங்களின் வெள்ளைக்காரச் சாப்பாட்டு மேஜையில் அந்த சூப், நம் ஊரின் பெயரோடு அந்நியனாக வந்து உட்கார்ந்தது. அது ருசியாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் தண்ணீரும் இல்லை, மிளகுக்கு முதலிடமும் இல்லை.

பாட்டியே போதும், புத்தகம் வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. பாட்டியின் அடுப்படி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. ஜாதி அதற்கு வாசற்படி. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு மட்டுமே உள்ளே வேலை. மீனாட்சி அம்மாளின் அச்சுப் புத்தகம் அந்தக் கதவை எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர் யாராயிருந்தாலும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. இது சின்னக் காரியம் அல்ல. ஆனால் புத்தகத்திடம் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. "ஏன் இப்போது இறக்க வேண்டும்?" என்று கேட்டால் உயிருள்ள மனுஷிதான் பதில் சொல்ல முடியும்.

ஆகவே கதை எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டில் கிழவி யாராவது இருந்தால், புகழ்வதைச் சற்று நிறுத்திவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அடுப்பருகே போய் நில்லுங்கள். எவ்வளவு என்று கேட்டால் "கண்திட்டந்தான்" என்பாள். எப்போது, எப்படி, ஏன் என்று கேளுங்கள். அந்த மூன்றுக்கும் அவளிடம் பதில் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.