கூட்டத்தின் சத்தத்தோடு ஒரு சுயசரிதை

இசைநாடகத்தை ஒலிநாடாவில் முதன்முதலாகக் கேட்கிறவர்கள் குறை சொல்வது இரைச்சலைத்தான். நல்ல விருத்தம் ஒன்று மேலே ஏறும் நேரம் பார்த்து ஒரு குழந்தை வீரிடும். யாரோ இருமுவார். ஒலிபெருக்கி கீச்சிடும். ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். இந்தக் காலத்துக் கருவிகளால் இதையெல்லாம் வடித்தெடுத்துவிடலாமே என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். நான் இந்த நாடாக்களைக் கேட்பதே பாதி அந்த இரைச்சலுக்காகத்தான்.

காரணம் சொல்ல நடிகமணி வி. வி. வைரமுத்துவிடம் போகவேண்டும். காங்கேசன்துறையில் 1924இல் பிறந்து 1989இல் மறைந்தவர். வசந்த கான சபா என்ற நாடகக் குழுவை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோவில் வீதிகளையெல்லாம் விடிய விடிய விழித்திருக்க வைத்தவர். சத்தியவானாக வந்தார், நந்தனாராக வந்தார். ஆனால் வடமராட்சியில் எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் முதலில் வாயில் வருவது அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம்தான். அந்த நாடகத்தை அவர் மூவாயிரம் தடவைக்கு மேல் ஆடினார் என்பார்கள். ரசிகர் போடும் கணக்கில் கொஞ்சம் பாசமும் சேர்ந்திருக்கும். பாதியைக் கழித்துவிட்டாலும் மலைக்கத்தான் வேண்டும். ஒரு மனிதன் தன் இளமையிலிருந்து கடைசிக் காலம் வரை, ஏறக்குறைய ஒவ்வொரு திருவிழாக் காலத்திலும், சுடலையில் கோலோடு நின்று பாடியிருக்கிறான்.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. சுடலைக்குப் பொறுப்பான வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கிறான் அரிச்சந்திரன். பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி மூன்றையும் வைத்தால்தான் பிணம் எரியலாம் என்று மறிக்கிறான். அவள் கழுத்துத் தாலி அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. பிறகுதான் யார் யாரென்று விளங்குகிறது. நமது மேடையில் அந்தச் சந்திரமதியும் பெரும்பாலும் ஆண் நடிகர்தான். அது யாருக்கும் உறுத்தியதில்லை.

வைரமுத்துவின் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், வசனம் முடிந்து பாட்டுத் தொடங்கும் அந்த இடத்தைக் காட்டுவேன். சாதாரண நாடகப் பாடகர் அங்கே நின்று, ஆர்மோனியக்காரர் சுருதி கொடுக்கும்வரை காத்திருந்து, பிறகு பாடுவார். இவரிடம் அந்தத் தையல் தெரியாது. கோபமாக ஒரு சொல் வரும். அதன் கடைசி எழுத்து நீளும். நீண்டது ஏற்கெனவே இராகமாக இருக்கும். நாம் எப்போது பாட்டுக்குள் வந்தோம் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் விருத்தம் நடுவழிக்குப் போய்விடும். சங்கீத மேடையின் அளவுகோலை வைத்து இதை அளந்தால் தப்பு. கமகத்தின் நுணுக்கம் அங்கே இரண்டாம் பட்சம். கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஆச்சிக்குச் சொல் சிதையாமல் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் முதலாவது சட்டம். பார்சி நாடகக் கம்பனிகள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டும், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த கர்நாடகச் சாயலும், நமது ஒப்பாரியின் இழுப்பும் ஒரே தொண்டையில் சண்டை போடாமல் இருந்தன.

இப்போது அந்த இரைச்சல். மயான காண்டம் நாடாவில் சந்திரமதி மகனைக் கிடத்தும் இடம் வரும்போது கூட்டத்தின் சத்தம் மெல்ல மெல்ல அடங்குவதைக் கேட்கலாம். முற்றாக அடங்காது. மூக்கு உறிஞ்சும் சத்தம் மிஞ்சும். ஸ்டூடியோவில் எத்தனை பெரிய வித்துவானை வைத்துப் பதிந்தாலும் அந்தச் சத்தம் கிடைக்காது. அது பாடகரின் ஆளுமைக்கு அத்தாட்சி என்று மட்டும் எண்ணவேண்டாம். வல்வெட்டித்துறைக்காரனுக்கு அதில் வேறொன்றும் கேட்கும். 1989 ஆகஸ்டில் இந்த ஊரில் 60 பேருக்கு மேல் இந்திய அமைதிப்படையினரால் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, பிள்ளையை எரிக்க வழியில்லாமல் நிற்கும் தாயின் பாட்டை இங்கே யாரும் புராணமாகக் கேட்பதில்லை. நந்தனாரும் அப்படித்தான். காங்கேசன்துறைக்குப் பக்கத்து மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கோவில் வீதியில் நந்தனார் வாசலில் நின்று ஏங்கிப் பாடும்போது, உள்ளே போக முடிந்தவர்களும் முடியாதவர்களும் ஒரே கூட்டத்தில்தான் இருந்து கேட்டார்கள். நமது மேடைப் பாடகர் தன் வாழ்க்கையைப் பற்றி வாயே திறந்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்த சனத்தின் வாழ்க்கையைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

தன் கதையைச் சொல்லாமலே சொன்னவர் தமிழக நாடகப் பாடகி கே. பி. சுந்தராம்பாள். அவருக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு பழையது. 1926இல் கொழும்பில்தான் அவரும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் வள்ளியும் வேலனுமாக மேடையில் எதிர்எதிரே நின்றார்கள். கிட்டப்பாவுக்கு முன்னால் நின்று தாக்குப்பிடிக்க முடியாது என்று அவரைப் பலர் பயமுறுத்தினார்களாம். வள்ளியும் வேலனும் வாதாடும் அந்தத் தர்க்கக் காட்சி எழுதிவைத்ததை ஒப்புவிப்பதல்ல. ஒருவர் ஒரு சங்கதி போட்டால் மற்றவர் அதைத் திருப்பிப் போட்டு ஒரு படி மேலே ஏறவேண்டும். மைக் இல்லாத காலம். ஐந்து கட்டைக்கு மேல் எடுத்துப் பாடினால்தான் கொட்டகையின் கடைசிவரை போகும். அங்கே தொடங்கிய போட்டி அடுத்த வருடம் கல்யாணத்தில் முடிந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்துபோனார். அதோடு வெள்ளைச் சேலைக்கு மாறிய சுந்தராம்பாள், பிறகு எந்த ஆணுக்கும் சோடியாக நடிக்கவில்லை.

அதற்குப் பின் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பாருங்கள். 1935இல் நந்தனார், அதுவும் ஆண் வேடம். அந்தப் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். 1940இல் மணிமேகலை, துறவி. 1953இல் ஒளவையார், இளமையை வேண்டாமென்று கொடுத்துவிட்டவள். 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், மறுபடியும் துறவி. பிறகு திருவிளையாடலில் திரும்பவும் ஒளவை. ஒரு கைம்பெண்ணின் தன்வரலாறு இதைவிட வெளிப்படையாக எப்படி இருக்க முடியும்? நேர்காணல் ஒன்றும் தேவையில்லை. வேடங்களின் பட்டியலே போதும். கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. எனக்கென்னவோ அந்தக் கடிதங்களைவிட ஒளவையாரின் உச்சஸ்தாயியே கூடுதலாகப் பேசுகிறது. ஒரு வருத்தம் மட்டும் உண்டு. கிட்டப்பாவின் குரல் நமக்குக் கிடைப்பது கிராமபோன் தட்டில்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம், முன்னால் கூட்டம் இல்லை, எதிர்ப்பாட்டின் சூடு இல்லை. தியாகராஜரையும் வள்ளலாரையும் அவர் பாடியதைக் கேட்டுத் திகைக்கிறோம். கொழும்புக் கொட்டகையில் அன்றிரவு கேட்டவர்களின் திகைப்பு வேறாகத்தான் இருந்திருக்கும்.

இனி, கடலுக்கு அப்பால் ஒரு இசைத்தட்டு. வல்வெட்டித்துறைக்கும் அமெரிக்காவுக்கும் என்ன உறவு என்று கேட்டால் இந்த ஊர்ச் சிறுபிள்ளையும் அன்னபூரணி என்று பதில் சொல்லும். இங்கே கட்டிய பாய்க்கப்பல் நமது மாலுமிகளோடு கடல் கடந்து 1938இல் மசாசூசெற்சின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பாட்டு மறுவழியாக வந்து நம் காதில் விழ இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நியூயோர்க் புரோட்வே மேடையின் பாடகி எலேன் ஸ்ட்ரிச், 2001இல் தன் 76ஆவது வயதில், தன் வாழ்க்கையைத் தானே பாடியும் பேசியும் ஒரு தனிநிகழ்ச்சி நடத்தினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காலுறை, ஏறி இருக்க ஒரு உயர்ந்த ஸ்டூல், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அது புரோட்வேக்குப் போய் டோனி விருதும் பெற்றது. நிகழ்ச்சியை நேரடியாகப் பதிந்து இரண்டு தட்டாக வெளியிட்டார்கள். கூட்டத்தின் சிரிப்பையும் கைதட்டலையும் வடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்காகவே அந்தத் தட்டுக்காரர்களைக் கும்பிடலாம்.

ஸ்ட்ரிச்சுக்கு இனிமையான குரல் இல்லை. கரகரத்த தொண்டை, அதட்டுகிற உச்சரிப்பு. முதலாவது பாட்டில் முகம் சுளிப்பீர்கள். பொறுத்திருந்து, அவர் ஒரு நகைச்சுவைப் பாட்டைக் கையாளும் இடத்துக்கு வாருங்கள். 1950களின் தொடக்கத்தில் அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. நியூயோர்க்கில் எதல் மெர்மன் என்ற பெரிய நட்சத்திரத்துக்கு மாற்று நடிகை. நூறு கிலோமீற்றருக்கு அப்பால் நியூ ஹேவனில் இன்னொரு நாடகத்தில் ஒரே ஒரு பாட்டு. மெர்மன் இன்றிரவு நலமாக இருக்கிறார், மேடைக்கு வருகிறார் என்று அறிந்த பிறகுதான் இவர் காரைப் பிடித்து ஓடவேண்டும். இந்தக் கதையை அவர் அந்தப் பாட்டின் நடுவிலேயே சொல்கிறார். ஒரு அடி பாடுவார், நிறுத்துவார், கார் கொஞ்சத் தூரம் போகும், அடுத்த அடி பாடுவார். வாத்தியக்காரர்கள் காத்திருந்து சரியான இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். தூரம் குறையக் குறையப் பாட்டும் முடிவை நெருங்கும். பாட்டையும் கதையையும் இப்படிப் பின்னுவது நமக்குப் புதிதா? நமது மேடையின் கோமாளியான பபூன் பாட்டை நிறுத்தி ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பவும் தாளத்தில் விழுவாரே, அந்த வித்தைதான். என்ன, நம்மவர் பேசியது ஊரைப் பற்றி. இவர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்.

அதுவும் எப்படி! மேடைப் பயத்துக்காகக் குடிக்கத் தொடங்கியதையும், குடி தன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும், கிடைக்காமல் போன வாய்ப்புகளையும், தன் கர்வத்தையும் ஒன்றும் மறைக்காமல் சொல்கிறார். சிரிக்க வைத்துக்கொண்டே சொல்கிறார். 1970இல் ‘கம்பனி’ என்ற இசைநாடகத்தின் பாட்டுகளை இரவிரவாகப் பதிந்தபோது அவருடைய பெரிய பாட்டு விடியும் நேரத்தில் சரிவரவில்லை. குரல் உடைந்து, தன்மீதே எரிச்சல்பட்டு நிற்கும் அந்தக் கோலம் ஆவணப்படமாகவே இருக்கிறது. பின்னர் வேறொரு நாள் வந்து பாடி முடித்தார். அதே பாட்டை எழுபதைத் தாண்டிய வயதில் இந்தத் தட்டில் திரும்பவும் பாடுகிறார். இப்போது குரலின் மேல்பகுதி போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கொடுத்த விலை தெரிகிறது. அன்றைய குரலில் அது கோபப் பாட்டு. முதுமைக் குரலில் கணக்குத் தீர்க்கும் பாட்டு.

நாடக வாழ்க்கையை நம்மவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒளவை டி. கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ அருமையான புத்தகம். சிறுவர் கம்பனி, சங்கரதாஸ் சுவாமிகளின் கண்டிப்பு என்று எல்லாம் அதில் இருக்கும், பாட்டு மட்டும் காதில் விழாது. ஈழத்தில் நிலைமை இன்னும் மோசம். நமது இசைநாடகக் கலைஞர்களின் வாழ்க்கை கிடைப்பது பாராட்டு மலர்களிலும், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுகளிலும்தான். பொன்னாடை, பட்டம், நற்குணம். மேடையிலிருந்து இறங்கிய பிறகு யார் வீட்டில் சாப்பாடு கிடைத்தது, யார் வீட்டில் திண்ணையோடு நிறுத்தினார்கள், பேசிய காசில் எவ்வளவு கைக்கு வந்தது, தொண்டை கட்டிய இரவில் என்ன செய்தார்கள், பெண் வேடம் போட்ட ஆணுக்கு அடுத்த நாள் சந்தையில் என்ன பேச்சுக் கிடைத்தது, இவையெல்லாம் எந்த மலரிலும் இல்லை. நாகரிகம் கருதி விட்டோம் என்பார்கள். அந்த நாகரிகத்தால் நமக்குப் போனது ஒரு முழுக் கலையின் உள்வரலாறு.

வடிவத்துக்கு நாம் அமெரிக்காவைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், ஒரு கதிரை இருந்தால் போதும். மயான காண்டத்தில் ஒரு விருத்தம் பாடிவிட்டு, அதை யாரிடம் பழகினேன், எங்கே முதல் பாடினேன், எந்த இடத்தில் விட்டேன் என்று அந்தக் கலைஞரே சொன்னால் அதுதான் சுயசரிதை. வேடம் வேண்டாம், அரிதாரம் வேண்டாம். பழைய கட்டை எட்டாவிட்டால் இறக்கிப் பாடட்டும். அந்த இறக்கமும் கதையில் ஒரு பகுதிதான்.

ஆகவே வல்வெட்டித்துறையாருக்கு ஒரு விண்ணப்பம். சித்திரைப் பௌர்ணமிக்கு முத்துமாரி அம்மன் ஊறணியில் தீர்த்தமாடும் இரவில் இந்திர விழா வீதியெங்கும் மேடை போடுகிறோம். லண்டனிலும் கனடாவிலும் இருந்து காசு வருகிறது. திரைப்படப் பாட்டு இசைக்குழுக்களுக்குக் குறைவில்லை, அவை இருக்கட்டும். ஒரேயொரு மேடையை வடமராட்சியின் வயதான இசைநாடகக் கலைஞர் ஒருவருக்குக் கொடுங்கள். துணைக்கு ஆர்மோனியக்காரர் ஒருவர், முன்னால் இருந்து கேட்க ஊர்ச்சனம். பதிவு செய்கிறவர் பாடகருக்கு ஒரு மைக்கும் சனத்துக்கு ஒரு மைக்கும் வைக்கட்டும். குழந்தை அழுதால் வெட்டவேண்டாம். கலைஞர் யாரையாவது குறை சொன்னாலும் வெட்டவேண்டாம். இந்த வருடமே செய்யவேண்டும். எழுபதைத் தாண்டியவர்களிடம் அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லக்கூடாது. வைரமுத்து 65 வயதில் போய்விட்டார். அவருடைய அரிச்சந்திரன் நாடாவில் இருக்கிறான். அவருடைய சொந்தக் கதையை அவரே பாடிய நாடா நம்மிடம் இல்லை.