மீன்குளம் வைத்திருந்த வாத்தியார்

மழை பொய்த்த ஓர் ஆண்டில், பாபிலோனிய யூதர்களின் பேரறிஞர் ரவ் ஓர் ஊருக்குப் போனார். நோன்பு அறிவித்தார், மழை வரவில்லை. பிறகு அந்த ஊரில் வழிபாடு நடத்தும் மனிதர் எழுந்து போய் நின்றார். காற்றை வேண்டும் வரியைச் சொன்னதும் காற்று வீசியது. மழையை வேண்டும் வரியைச் சொன்னதும் மழை கொட்டியது. “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று ரவ் கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் என்று பதில் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பாடம்தான். கொடுக்க முடியாதவர்களிடம் கூலி வாங்குவதில்லை. அவரிடம் ஒரு மீன்குளமும் இருந்தது. படிக்கமாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு அதிலிருந்து மீன் கொடுத்துத் தாஜா பண்ணி உட்கார வைப்பாராம்.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் வரும் இந்தக் கதையில் அந்த வாத்தியாருக்குப் பெயர் இல்லை. யூத சமயக் கல்விக்கூடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய இடங்களிலிருந்து தொடங்குவார்கள். வோலோஜின், ஸ்லபோத்கா, மிர் என்று புகழ்பெற்ற கல்விக்கூடங்களின் பெயர்கள் வரிசையாக வரும். நான் இந்தப் பெயர் தெரியாதவரிடமிருந்து தொடங்குகிறேன். இந்த மரபு ஓர் ஆசிரியரை எந்தத் தராசில் நிறுத்துகிறது என்பதை இவரைக் கொண்டுதான் என்னால் புரிந்துகொள்ள முடிந்தது.

பழைய காலத்தில் தந்தைதான் மகனுக்குத் தோரா என்னும் யூத வேதத்தைச் சொல்லிக்கொடுத்தார். தந்தை இல்லாத பிள்ளை படிக்காமல் போனான். அந்தக் குறையைத் தீர்க்க, தலைமைக் குருவாக இருந்த யெஹோஷுவா பென் கம்லா ஊருக்கு ஊர் வாத்தியார்களை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார். இது முதலாம் நூற்றாண்டில். இதைச் சொல்லும், தல்மூதின் ‘பாவா பத்ரா’ பகுதியிலேயே கணக்கும் வருகிறது: ஒரு வாத்தியாருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் உதவிக்கு ஒருவர். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளலாம். அந்த உதவியாளருக்கு ஆகும் செலவில் ஊரும் கை கொடுக்க வேண்டும். 50 ஆகிவிட்டால் இரண்டு வாத்தியார்கள்.

பிள்ளையை ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாமா? ஒரே ஊருக்குள் என்றால் மாற்றலாம். குறுக்கே ஆறு ஓடினால் கூடாது. உறுதியான பாலம் இருந்தால் சரி, வெறும் பலகை போட்டிருந்தால் கூடாது. பிள்ளை கால் தவறி விழுந்துவிடுமே என்று பயந்து எழுதிய சட்டம் இது. அடிக்க வேண்டி வந்தால் செருப்பு வாரால் மட்டும். என்ன சொல்லியும் படிக்காதவனை விரட்டக் கூடாது. மற்றவர்களுக்குத் துணையாக அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். இந்தக் கடைசி விதியை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். கடைசி வரிசைப் பையனுக்கு வகுப்பில் ஓர் இடத்தை உரிமையாக எழுதிவைத்த சட்டம் அது.

அறிஞர்களுக்குள் சண்டையும் உண்டு. நிறையச் சொல்லிக்கொடுத்து அங்கங்கே பிழைவிடும் வாத்தியார் மேலா, குறைவாகச் சொல்லிப் பிழையில்லாமல் சொல்பவர் மேலா? முதலாமவர் என்றார் ராவா; பிழை தானாகத் திருந்திவிடும் என்பது அவர் கட்சி. நெஹர்தியா ஊர் ரவ் திமி (‘ரவ்’ இங்கே அறிஞர் பட்டம்) ஒப்பவில்லை. உள்ளே புகுந்த பிழை உள்ளேயே தங்கிவிடும் என்றார்.

ரவ் ஷ்முவேல் பர் ஷீலத் என்றொரு வாத்தியார். ஒரு நாள் அவர் தம் தோட்டத்தில் நிற்பதை, மழைக் கதையில் வந்த ரவ் பார்த்துவிட்டார். பள்ளியை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். இந்தத் தோட்டத்தைப் பார்த்துப் பதின்மூன்று வருஷம் ஆகிறது, இப்போதுகூட மனசு பிள்ளைகளிடம்தான் இருக்கிறது என்றார் அவர். பதின்மூன்று வருஷம் தன் செடிகொடிகளைப் பார்க்காத மனிதர்! அவருக்கு என்ன கூலி கிடைத்தது? தோரா சொல்லிக்கொடுப்பதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது கொள்கை. வேறு வேலைக்குப் போகாமல் அவர் இழக்கிற நேரத்துக்குத்தான் ஈடு கட்டுவார்கள். கிழக்கு ஐரோப்பாவில் ‘ஹேதர்’ என்ற ஒற்றையறைப் பள்ளியை நடத்திய ‘மெலாமெத்’ வரைக்கும் நிலைமை அதுதான். ஊரிலேயே ஏழ்மையான பிழைப்புகளில் அதுவும் ஒன்று.

பெரிய பையன்கள் படிக்கும் இடம் யெஷிவா. இன்று நாம் அறிந்த வடிவம் 1803இல், இன்றைய பெலாரூஸில் உள்ள வோலோஜினில் பிறந்தது. ‘வில்னா மேதை’ என்று அழைக்கப்பட்ட அறிஞரின் சீடரான ரப்பி (சமய ஆசிரியர்) ஹயீம் அதைத் தொடங்கினார். அதுவரை பையன்கள் ஊர்ப் படிப்புக்கூடத்தில் உள்ளூர் ரப்பியிடம் படித்து, நாளுக்கொரு வீட்டில் வாரச் சாப்பாடு சாப்பிட்டு வந்தார்கள். இத்திஷ் மொழியில் ‘எஸ்ஸன் தேக்’, அதாவது நாள் சாப்பிடுதல் என்பார்கள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரி முகம் சுளித்தால் செவ்வாய்க்கிழமை பட்டினி. இந்த அவமானம் வேண்டாம் என்று ஹயீம் நினைத்தார். தூரத்து ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிப் பணம் திரட்டி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். பாடத்திட்டத்தைக் காட்டிலும் பெரிய சீர்திருத்தம் இதுதான் என்பேன்.

ரப்பி நஃப்தாலி பெர்லின் காலத்தில் வோலோஜினில் 400க்கும் மேற்பட்ட மாணவர்கள். இரவும் பகலும் படிப்புச் சத்தம் ஓயாது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாதத்தை மற்றவர் உடைத்து உடைத்துப் படிப்பது ‘ஹவ்ருதா’ முறை. பக்கத்தின் நடுவே தல்மூத் மூலம். உட்புற ஓரத்தில் ராஷி என்ற அறிஞரின் உரை. வெளிப்புற ஓரத்தில் அதோடு வாதிடும் தோசஃபோத் உரைகள். மூலமும் உரையும் உரைமறுப்பும் ஒரே பக்கத்தில். ஆசிரியரின் விரிவுரை நாளில் ஒரு சிறு பகுதிதான். மீதி நேரமெல்லாம் நண்பனே ஆசிரியன். ரஷ்ய அரசு உலகியல் பாடங்களைத் திணித்துப் படிப்பு நேரத்தையும் சுருக்கச் சொன்னபோது யெஷிவா இணங்கவில்லை. 1892இல் மூடப்பட்டது.

லித்துவேனியாவின் டெல்ஸ் யெஷிவா வேறு வழியில் போனது. ரப்பி எலியேசர் கோர்டன் மாணவர்களைத் தகுதிவாரியாக வகுப்புகளாகப் பிரித்து, தேர்வும் வைத்தார். ஷிமோன் ஷ்கோப் போன்ற கூர்மையான ஆசிரியர்கள் அங்கே பாடம் நடத்தினார்கள். ஆனாலும் கோர்டன் என்றதும் எனக்கு வகுப்பறை நினைவுக்கு வருவதில்லை. டெல்ஸைத் தீ தின்ற பிறகு, நிதி கேட்டு லண்டனுக்குப் போனார். 1910இல் அங்கேயே இறந்துபோனார். யெஷிவாவின் தலைவருக்குப் பாடம் சொல்வது பாதி வேலை. அடுப்பு எரிய வழி தேடுவது மறு பாதி.

இனி ‘மஷ்கியாக்’. நேரடிப் பொருள் மேற்பார்வையாளர். வோலோஜினில் அவர் யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்தவர். இஸ்ரேல் சலாந்தர் தொடங்கிய முசார் என்னும் ஒழுக்க இயக்கம் யெஷிவாவுக்குள் நுழைந்ததும் அந்தப் பதவியின் எடையே மாறியது. மாணவனின் மனசைக் கவனிப்பது அவர் பொறுப்பாயிற்று. ஸ்லபோத்கா யெஷிவாவின் ‘முதியவர்’ என்று அழைக்கப்பட்ட நோசன் ஸ்வி ஃபிங்கல் தலைமை ஆசிரியராக இருக்கவில்லை, மஷ்கியாக்தான். ஆனால் யெஷிவா அவரைச் சுற்றித்தான் சுழன்றது. மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவன், ஆகவே அவன் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றார். மாணவர்கள் மடிப்புக் கலையாத கோட்டும் நல்ல தொப்பியும் அணிந்தார்கள். நோவர்தோக் யெஷிவாவில் நேர் எதிர். அகங்காரத்தை முறிக்க, மருந்துக் கடைக்குப் போய் ஆணி கேட்டுவிட்டு ஏளனத்தை வாங்கி வரும்படி மாணவனை அனுப்புவார்கள். இரண்டும் ஒரே சலாந்தர் வழியில் வந்தவைதான். எனக்கு ஸ்லபோத்கா பக்கம்தான் மனசு சாய்கிறது. வறுமையில் வளர்ந்த பையனை மேலும் குனிய வைக்க என்னால் முடியாது. ஃபிங்கலின் மாணவர்கள் பிற்காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோரிலும் லேக்வுட்டிலும் யெஷிவாக்களை நிறுவினார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இப்படி எதுவும் இருக்கவில்லை. கிராக்கோவில் தையல் தொழில் செய்த சாரா ஷெனிரர் 1917இல் தம் தையற்கூடத்திலேயே 25 சிறுமிகளைக் கூட்டிப் பள்ளி தொடங்கினார். ஊர்ப் பெண்களுக்கு அளவெடுத்து உடுப்புத் தைத்துக்கொடுத்த கை அது. உடம்புக்கு இத்தனை கவனமாகத் தைத்துக்கொள்கிறவர்கள் மனசை வெறுமையாக விட்டிருக்கிறார்களே என்ற வருத்தம் அவருக்கு. பள்ளிகள் பெருகியபோது ஆசிரியைகள் கிடைக்கவில்லை. தம்மிடம் படித்த பெண்களையே, பதின்பருவம் தாண்டாதவர்களைக்கூட, வெளியூர்களுக்கு ஆசிரியைகளாக அனுப்பினார். பெய்ஸ் யாகோவ் என்ற அந்தப் பள்ளிகள் போலந்து முழுவதும் பரவின. 1935இல் அவர் இறந்தார்.

பிறகு வந்தது நாஜிகளின் யூதப் பேரழிவு. 1941இல் டெல்ஸ் ஊரின் ஆசிரியர்களும் மாணவர்களும் கொல்லப்பட்டார்கள். அப்போது அமெரிக்காவில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் அதே ஆண்டு கிளீவ்லாந்தில் அதே பெயரில் யெஷிவா தொடங்கினார்கள். லித்துவேனியாவின் போனவெஜ் யெஷிவா 1944இல் இன்றைய இஸ்ரேலின் ப்னே பிராக்கில் மறுபிறவி எடுத்தது.

ஏறக்குறைய முழுசாகத் தப்பியது மிர் யெஷிவா. அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் போலந்திலிருந்து வில்னாவுக்குப் போய், லித்துவேனியாவின் கவுனாஸில் இருந்த ஜப்பானியத் துணைத் தூதர் சுகிஹாரா 1940இல் எழுதிக்கொடுத்த விசாக்களைக் கொண்டு ரஷ்யாவைக் கடந்து, ஜப்பானின் கோபே வழியாக ஷாங்காய் சேர்ந்தார்கள். மஷ்கியாக் எஹெஸ்கேல் லெவன்ஸ்டைன் உடன் போனார். தங்குமிடம், சாப்பாடு, கடிதம், பணம், காய்ச்சல் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டிய நிர்வாகிகளும் சமையல்காரர்களும் இருந்திருப்பார்கள். வரலாறு அவர்கள் பெயரை அவ்வளவாகச் சொல்வதில்லை. பெத் ஆரோன் தொழுகைக்கூடத்தில் பாடம் நடந்தது. கையில் இருந்த நூல்கள் அத்தனை பேருக்கும் எட்டவில்லை. இரண்டு பேருக்கு நடுவே ஒரு தல்மூதாவது விரிந்திருந்தால்தான் ஹவ்ருதா நடக்கும். இருந்த பிரதிகளை வைத்து ஷாங்காயிலேயே மறுபதிப்பு அச்சிட்டார்கள்: நடுவே மூலம், உட்புறம் ராஷி, வெளிப்புறம் தோசஃபோத்.