ஆறுமணிக்குருவி

மைனாவைவிடச் சிறிய உடம்பு. அதில் பச்சை முதுகு, நீலத் தோள், வெள்ளைத் தொண்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஒளிகிறதோ!

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது ஆறுமணிக்குருவி. இரவில் பறந்து களைத்து, சில சமயம் வீட்டுக்குள்ளும் விழுந்து கிடக்கும். அது வந்து தங்கும் இடங்களில் ஒன்றான திருவண்ணாமலையில் அதற்கு வேண்டியது புதர் நிழலும் ஈரச் சருகும்தான். அலகால் இலையைப் புரட்டும், பூச்சியைக் கொத்தும், குட்டை வாலை மெல்ல ஆட்டும். அப்புறம் அசையாமல் நிற்கும்.

அங்கே மொட்டையாகிப் போயிருந்த மலைச்சரிவில் மரம் நட்டு, கோடைத் தீயை அணைத்துக் காடு வளர்த்து அந்த நிழலைத் தந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டாலே இந்தக் குருவிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். விடியலிலும் அந்தியிலும் அதன் இரட்டைச் சீழ்க்கைக்குக் காது கொடுங்கள்.