கயிற்றுக்குள் எப்போ நுழைவது?

கைரா கான்ட் எழுதி 2006-இல் வந்த 'தி கேம்ஸ் பிளாக் கேர்ள்ஸ் ப்ளே', அமெரிக்கக் கறுப்பினச் சிறுமிகளின் கைதட்டல், கயிறாட்டங்களை இசைப் பயிற்சியாகவே பார்க்கிற புத்தகம். நடை கொஞ்சம் கனம்தான். ஆனாலும் உடற்கல்வி ஆசிரியர்கள் இதைப் படிக்கணும்.

இரண்டு நீளக் கயிறுகளைச் சுழற்றித் தாண்டும் டபுள் டச், நியூயார்க் தெருக்களில் சிறுமிகள் பாடிக்கொண்டே ஆடியது. டேவிட் வாக்கர், யுலிசிஸ் வில்லியம்ஸ் என்ற இரு போலீஸ்காரர்கள் 1974-இல் அதைப் போட்டியாக்கினார்கள். விதிகள் வந்தன, நடுவர்கள் வந்தார்கள்; பாட்டு போய்விட்டது என்பது கான்ட்டின் ஆதங்கம்.

நியாயமான ஆதங்கம். ஏன்னா, அங்கே பாட்டுதான் வாத்தியார். கயிறு தரையைத் தட்டும்போதெல்லாம் தாளம் விழுகிறது. எந்த அடியில் நுழையணும், எதில் வெளியேறணும் என்று காதே சொல்லிவிடும். வகுப்பிலோ, "இப்ப ஓடு" என்று ஆசிரியர் கத்தி முடிப்பதற்குள் கயிறு ஒரு சுற்று போய்விடும். காலில் சிக்கிய பிள்ளை தலைகுனிந்து வரிசைக் கடைசிக்குப் போகும். 'இதுக்கு வராது' என்று அத்தோடு முத்திரை விழுந்துவிடும்.

முதல் வகுப்பில் யாரும் தாண்ட வேண்டாம். எல்லாரும் மாறி மாறிச் சுழற்றட்டும், மற்றவர்கள் தட்டிப் பாடட்டும். தாளம் பிடிபட்ட பிறகு கால் தானா நுழையும்.